தஞ்சைத் தரையில் ஒரு போர் விமானத் தளம்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நெய்வேலியில் வாழும் நமக்கு ஓடுபாதை புதிதன்று. நம் நகரியத்திலேயே நிலக்கரி நிறுவனத்தின் சிறு விமான ஓடுபாதை ஒன்று உண்டு. ஆனால், போர் விமானங்கள் எழும்பும் தளமொன்று இங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டரில், தஞ்சாவூரில் இருப்பதை நம்மில் பலர் அறியோம். அது ஏன் அங்கே அமைந்தது, அதன் பணி யாது என விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டாம் உலகப்போரின்போது ஆங்கிலேயர் அமைத்த தளம் இது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச்சில் அந்தமானும் வீழ்ந்தது. ஏப்ரலில் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா, திரிகோணமலை ஆகிய ஊர்கள் மீது குண்டுகள் விழுந்தன. சென்னை மக்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் புறப்பட்டனர். வங்கக் கடலே போர்முனை ஆகிவிட்டபடியால், கடற்கரையை ஒட்டிய தமிழ் மண் முக்கியத்துவம் பெற்றது. நமக்கு அண்மையிலுள்ள உளுந்தூர்பேட்டை, சூலூர், சோழவரம், கயத்தாறு ஆகிய இடங்களிலும் அக்காலத்தில் ஓடுபாதைகள் எழுந்தன.

போர் முடிந்தபின் இவற்றின் விதி பலவாறாயிற்று. சோழவரம் மோட்டார் பந்தயத் திடலாயிற்று. கயத்தாறு கவனிப்பாரற்றுப் போயிற்று. சூலூர் நமது விமானப்படையின் பெருந்தளமாக வளர்ந்தது. தஞ்சைத் தளமோ நெடுங்காலம் காத்திருந்து, புதுப்பிக்கப்பெற்று, 2013 மே 27 அன்று பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணியால் தொடங்கி வைக்கப்பட்டது. 2020 ஜனவரி 20 அன்று சுகோய் 30 விமானங்களைக் கொண்ட 222-ஆம் படைப்பிரிவு அங்கே நிலைகொண்டது.

இத்தகைய விமானத்திற்கு நீண்ட, உறுதியான ஓடுபாதை ஏன் வேண்டும்? நாம் வகுப்பில் படிப்பதே விடை. இறக்கையின் தூக்குவிசை, காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. முழுச் சுமையுடன் சுகோயின் எடை சுமார் 38 டன். அது சுமக்கும் பிரமோஸ் ஏவுகணை மட்டுமே ஏறத்தாழ இரண்டரை டன். சித்திரை வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவதால், தரையை விட்டெழக் கூடுதல் வேகம் வேண்டும். அதற்குக் கூடுதல் நீளமும் வேண்டும்.

தஞ்சையிலிருந்து கிழக்கே வங்கக் கடல், தெற்கே இந்தியப் பெருங்கடல். நாட்டின் வாணிபக் கப்பல்கள் செல்லும் இவ்வழிகளைக் கண்காணிப்பதே தளத்தின் தலையாய பணி. போர் மட்டுமே விமானத் தளங்களின் வேலையுமன்று. 2004-இல் ஆழிப்பேரலை கார் நிக்கோபார் தளத்தைச் சிதைத்தபோது, எஞ்சிய ஓடுபாதையில்தான் நிவாரண விமானங்கள் இறங்கின.

நாட்டின் தேவைக்கு நிலம் கொடுப்பது என்றால் என்னவென்று நெய்வேலிப் பக்கத்து மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுரங்கமோ, ஓடுபாதையோ, அதனடியில் யாரோ ஒரு குடியானவரின் வயல் இருக்கிறது. ஆகவே அங்கு எழும் நிறுவனத்தில் அம்மக்களின் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும். வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பதோடு அவர்கள் நின்றுவிடலாகாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். விமானியாவது பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கே உரியது என்றுதான் எங்கள் வீட்டில் எண்ணியிருந்தனர். உண்மை அதுவன்று. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்து, பட்டப்படிப்பில் 60 விழுக்காடு பெற்ற 20 முதல் 24 வயதினர், ஆணும் பெண்ணும், விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வை எழுதலாம். அத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது. தோழர்களே, தோழியரே, நம் வகுப்பறைக்கும் அந்த ஓடுபாதைக்கும் இடையே உள்ள தொலைவு நாம் நினைப்பதைவிடக் குறைவு!