எளிய வாழ்வும் பொதுப் பணமும்



"நாம் எளிமையாக வாழ்கிறவர்கள். கூரையும் கஞ்சியும் இருந்தால் போதும். பொதுக் காரியம் என்று எதற்காக மாதாமாதம் பணம் கொடுக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் பல தோட்டங்களில் உண்டு. இதை ஒதுக்கித் தள்ளக்கூடாது. குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களின் கேள்வி இது. இன்று இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

எளிமை நல்லதுதான். வீட்டுக்குப் பின்னால் கீரையும் முருங்கையும் வளர்த்து, வீண் கடன் வாங்காமல் வாழ்வது பாராட்டத்தக்கது. ஆனால் எளிமை வேறு, இல்லாமை வேறு. விலையுயர்ந்த புடவை வேண்டாம் என்று நாமே முடிவு செய்தால் அது எளிமை. பிள்ளைக்குக் குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்கவில்லை என்றால் அது இல்லாமை.

ஒரு குடும்பம் தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக்கொள்ளலாம். தனக்கென்று ஒரு பள்ளிக்கூடம் கட்டிக்கொள்ள முடியுமா? லயத்தின் ஒரு கோடியில் கால்வாய் அடைத்து, அந்த அழுக்கு கிணற்றில் ஊறினால், பணம் கொடுத்த வீடு எது, கொடுக்காத வீடு எது என்று வயிற்றுப்போக்கு பார்ப்பதில்லை. ஆகவே சில தேவைகளைச் சேர்ந்துதான் நிறைவேற்றிக்கொள்ள வேண்டும்.

இது நமக்குப் புதிதும் அன்று. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மரண சகாய நிதிக்குக் கொடுக்கிறோம். கோயில் திருவிழாவுக்கு ஒரு நாள் சம்பளம் கொடுத்தவர்கள் நம் முன்னோர்கள். அப்படியிருக்க, பள்ளிக்கூடத்துக்கு என்றால் மட்டும் கை ஏன் தயங்குகிறது?

நாம் முன்பு பணியாற்றிய ஒரு தோட்டத்தில் பள்ளிக் கூரை ஒழுகியது. மழை வந்தால் பிள்ளைகள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் ஒதுங்குவார்கள். வீட்டுக்கு ஐந்து வெள்ளி என்று பெற்றோர் முடிவு செய்தனர். இரண்டு மாதம் நன்றாகச் சேர்ந்தது. மூன்றாம் மாதம் பாதி வீடுகள் கொடுக்கவில்லை. பணம் களவு போகவில்லை. ஆனால் யார் கொடுத்தார், எவ்வளவு சேர்ந்தது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரிந்த ஆசிரியர்களாகிய நாமும் அதைக் கவனிக்கவில்லை. அது நம் குறையே.

கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, "கணக்கைக் கோயில் வாசலில் எழுதிப் போடுங்கள், நான் கொடுக்கிறேன்" என்றார். ஒரு முதியவர், "வாத்தியாரய்யா, கட்டடம் தோட்டத்தினுடையது. நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டீங்களா?" என்றார். நாம் கேட்கவே இல்லை! பின்னர் கேட்டோம். நிர்வாகம் தகரம் கொடுத்தது. பெற்றோர் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்தனர். கணக்கும் சம்பள நாள்தோறும் கரும்பலகையில் ஏறியது. மீந்த பணம், இரவில் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வண்டிச் செலவுக்கு ஒதுக்கப்பட்டது.

அந்த முதியவர் கேட்டது முக்கியமான கேள்வி. எல்லாச் சுமையும் நம்முடையது அன்று. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. தொழிலாளர்களுக்கு வீடு கொடுக்கும் முதலாளி தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் வழி செய்ய வேண்டும் என்கிறது 1990-ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம். பகுதி உதவி பெறும் பள்ளிகளிலும் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கமே கொடுக்கிறது. கடையில் வாங்கும் பல பொருள்களின் விலையில் வரியும் அடங்கியிருப்பதால், அரசாங்கப் பணத்தில் நம் பங்கும் உண்டு. ஆகவே கேட்பது பிச்சை அன்று.

கேட்டும் கிடைக்காததை, அல்லது நாமே செய்தால்தான் நடக்கும் என்பதை, நம் பணத்தால் செய்வோம். 1950-களின் இறுதியில் பெரிய ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. பல தொழிலாளர் குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் இழந்தன. அப்போது, 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்த பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. கொடுத்தவர்கள் செல்வர்கள் அல்லர். எளிய வாழ்வு வாழ்ந்தவர்கள்தாம்.

ஆகவே, நேயர்களே, பொதுக் காரியம் என்று யாராவது வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதைச் செய்யக் கடமைப்பட்டவர் வேறு யாராவது உண்டா? அவரிடம் எழுத்து மூலம் கேட்டாயிற்றா? பணத்துக்குக் கணக்கு எங்கே எழுதப்படும்? சரியான பதில் கிடைத்தால், முடிந்ததைக் கொடுங்கள். பணம் இல்லாத வீடு அரை நாள் உழைப்பைக் கொடுக்கட்டும். அதையும் கணக்கில் எழுதுங்கள்.

நம் வீட்டில் எளிமை இருக்கட்டும். நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒழுகாமல் இருக்கட்டும்.