மிதிவண்டியும் முழங்காலும்

பாலாற்றங்கரையில் அமைந்த இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. இங்குச் செய்யப்படும் காலணிகள் கடல் கடந்த நாட்டினரின் கால்களையும் காக்கின்றன. அவற்றைச் செய்வோருள் மிதிவண்டியில் வேலைக்குச் செல்வோர் உளர். அவர்தம் மக்களோ, அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்கின்றனர். பிறர் கால்களைக் காப்போர் தம் கால்களையும் காத்தல் வேண்டுமன்றோ?

மிதியைச் சுழற்றும்போது முன்பற்சக்கரம் சங்கிலியை இழுக்க, பின்பற்சக்கரம் சுழல்கிறது. முன்னதில் 44 பற்களும் பின்னதில் 18 பற்களும் உள்ளன எனக் கொள்க. மிதி ஒருமுறை சுற்றினால் சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும்; வண்டி ஐந்து மீட்டருக்குச் சற்று மேற்செல்லும். பின்னதில் 22 பற்கள் இருப்பின் சக்கரம் இரண்டு முறையே சுற்றும். ஒரு மிதிக்குச் செல்லும் தொலைவு குறையினும், மிதிக்க வேண்டிய விசையும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். இப்பற்களின் பொருத்தமே கியர் எனப்படுவது.

இனி, முழங்காலின் இயல்பைக் காண்போம். அதன் முன்புறத்தே சில்லு என்னும் சிறிய எலும்பு உண்டு. தொடைத்தசை இறுகும்போது அஃது தொடையெலும்பின்மீது அழுந்தும். மிதிக்கும் விசை மிகுந்தாலும், கால் மிக மடங்கினாலும் அவ்வழுத்தம் பெருகும். பத்துக் கிலோமீட்டர் செல்வதற்குள் ஒவ்வொரு முழங்காலும் ஏறத்தாழ 1,850 முறை மடங்கி நிமிர்கிறது. ஒருமுறை பொறுக்கத்தக்க சுமை, நாள்தோறும் ஆயிரக்கணக்கில் வரின் நோவாய் முடிதல் கூடும்.

வாணியம்பாடிக்கு அணித்தேயுள்ள ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அங்குக் கடிய கியரில் ஏறுதலை வீரமெனக் கருதும் இளைஞர் சிலர். இக்கருத்துப் பிறநாட்டிலும் இருந்தது. பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற நெடுந்தொலைவுப் போட்டியில், ஓடும்போதே கியர் மாற்றும் கருவி முன்னணி வீரர்க்கு 1937ஆம் ஆண்டில்தான் இசைவளிக்கப்பட்டது. இன்றோ அக்கருவியின்றி மலையேறும் போட்டி வீரரைக் காண்டல் அரிது.

ஏற்றம் வருமுன்னரே கியரைக் குறைத்து, மெல்ல அழுத்தி விரைந்து சுழற்றுதல் நன்று. கியர் மாற்ற இயலாத வண்டியாயின், மிகுந்த பற்களுடைய பின்பற்சக்கரத்தைக் கடையில் பொருத்திக்கொள்ளலாம். செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளிச் செல்லலாம். இருக்கையும் தாழ்ந்திருத்தலாகாது. மிதி கீழே நிற்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளுதல் வேண்டும். வலி தொடருமாயின் மருத்துவரை நாடுக.

தேய்ந்த சங்கிலியைக் கடையில் மாற்றலாம். தேய்ந்த முழங்காலை அவ்வாறு எளிதில் மாற்றவியலாது. ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவோரைக் கண்டு நகைத்தல் அறியாமையே ஆகும்.