மருந்தோடு வரவேண்டிய சொல்

மருத்துவம் நான்கு கூறுகளால் அமைவது என்று திருவள்ளுவர் வகுத்தார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் வைத்தியர், மருந்து, அம்மருந்தைப் பிழையின்றி அளிப்பவர் என்பன அவை. முதல் மூன்றின் அருமையை யாவரும் அறிவர். நான்காமவரைப் பற்றி நினைப்போர் சிலரே. இருதய நோயாளர் வைத்தியசாலையை விட்டு வீடு திரும்பும் நாளிலிருந்து அந்நான்காமவரின் தேவை பெரிதாகின்றது. இக்காலத்தில் அவ்விடத்தில் நிற்பவர் மருந்தாளர்.

வைத்தியசாலையில் இருக்கும்வரை வேளை தவறாது மருந்து கொடுப்பது தாதியரின் பொறுப்பு. வீடு சேர்ந்ததும் அப்பொறுப்பு நோயாளரையே சேர்கின்றது. மாரடைப்பினின்றும் பிழைத்தவருக்குப் பெரும்பாலும் பல மாத்திரைகள் எழுதப்படும். குருதி உறைவதைத் தடுக்க அஸ்பிரினும் குளோபிடோகிரலும், கொழுப்பைக் குறைக்க அட்டோவாஸ்டற்றினும், இருதயத்தின் சுமையைத் தணிக்க பைசோபுரோலோல், எனலாபிரில் போன்றனவும் அவற்றுள் அடங்கும். எது எதற்கென்று அறியாதவர், நெஞ்சுநோவு நீங்கியதும் நோயும் நீங்கியதெனக் கருதி, ஒவ்வொன்றாகக் கைவிடத் தலைப்படுகிறார். இருதய நாடியில் ஸ்டென்ட் என்னும் நுண்ணிய வலைக்குழாய் பொருத்தப்பட்டவர் குளோபிடோகிரலைத் தாமாக நிறுத்துவாராயின், அக்குழாயினுள் குருதி திடீரென உறைந்து உயிருக்கே இறுதி நேரலாம். சுகமாயிருப்பது மருந்தினால் என்பதை அவருக்கு எடுத்துரைப்பது மருந்தாளரின் முதற் கடமையாகும்.

இரண்டாவது, பெயரால் வரும் மயக்கம். ஒரே மருந்து பல வணிகப் பெயர்களுடன் விற்கப்படுகின்றது. வைத்தியசாலையில் பெற்ற மாத்திரையையும், வேறு பெயருடன் கடையில் வாங்கிய அதே மாத்திரையையும் இரு மருந்துகளென எண்ணி ஒருவர் சேர்த்து உட்கொள்ளக்கூடும். மருந்துகளைப் பொதுப் பெயரால் வழங்கவேண்டும் என்று பேராசிரியர் சேனக பிபிலே வற்புறுத்தினார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியதும் அவருடைய முயற்சியாலேயே. பொதுப் பெயரை உறையில் தெளிவாகத் தமிழில் எழுதிக்கொடுக்கும் மருந்தாளர் இவ்விபத்தைத் தவிர்க்கிறார்.

மூன்றாவது, மருந்தினால் விளையும் தொல்லைகள். எனலாபிரில் சிலருக்கு வறட்டு இருமலை உண்டாக்கும். காரணம் அறியாதவர் இருமற் பாணியைத் தேடிக் கடைக்கு வருவார். பாணியைக் கொடுத்தனுப்புவது வணிகம், "வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள் ஐயா?" என்று வினவி, மாற்று மருந்துக்காக வைத்தியரிடம் அனுப்புவது மருந்தாளரின் பணி. முழங்கால் நோவுக்கு டைக்குளோபெனாக், இபுபுரோபன் முதலியவற்றைக் கேட்பவரிடத்தும் இதே கேள்வி வேண்டும். அவை உடலில் நீரைத் தேக்கிக் குருதியமுக்கத்தை உயர்த்தி, தளர்ந்த இருதயத்தை மேலும் தளர்த்த வல்லவை.

நெஞ்சுநோவு வந்தால் நாவின் கீழ் வைக்கவேண்டிய மாத்திரையைச் சிலர் விழுங்கிவிடுகின்றனர். சிலர் கடதாசியில் மடித்து வைத்து அதன் வலுவைக் கெடுத்துவிடுகின்றனர். அதனை அதற்குரிய கண்ணாடிக் குப்பியிலேயே இறுக மூடி வைத்தல் வேண்டும். அமர்ந்திருந்தே பயன்படுத்தல் வேண்டும். ஐந்து நிமிடத்துள் நோவு தணியாவிடின், தாமதியாது 1990 என்ற இலக்கத்தில் நோயாளர் காவுவண்டியை அழைத்தல் வேண்டும். இவற்றைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொல்லாது விட்டால் நேரும் இழப்போ ஈடு செய்ய இயலாதது.

மருந்தாளர் வைத்தியருக்குப் பதிலாக நிற்பவர் அல்லர். நோயை நிர்ணயிப்பதும் மருந்தின் அளவை மாற்றுவதும் அவர் வேலையன்று. வைத்தியர் எழுதியது நோயாளரின் வீட்டில் எழுதியவாறே நடைபெறத் துணைநிற்பதே அவர் பணி.

அதற்கு நோயாளரும் இடமளித்தல் வேண்டும். மருந்தகத்திற்குச் செல்லும்போது கிளினிக் கொப்பியையும், வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் இட்டு எடுத்துச் செல்வது நன்று. இது எதற்கு, எப்போது, எவ்வளவு காலம் என்ற மூன்று கேள்விகளையும் கூசாமற் கேட்கலாம். கூட்டம் மிகுந்த நேரமாயின், கூட்டம் குறைந்த வேளையில் மீண்டும் போய்க் கேட்கலாம். எழுத்தறியாத முதியவராயின் மகனோ மகளோ உடன்செல்வது நலம். நோயாளர் கேட்கவும் மருந்தாளர் சொல்லவும் பழகிவிட்டால், வைத்தியசாலையிற் காப்பாற்றப்பட்ட உயிர் வீட்டிலும் காக்கப்படும்.