வயதான நாய் படுத்துவிட்டால் வீட்டில் என்ன மாறும்? வேலைக்கும் போய்க்கொண்டு எப்படிக் கவனிப்பது?

விடியற்காலை நாலரை மணி. டைல்ஸ் தரையில் நகம் கீறுகிற சத்தம். எழுந்துபோய்ப் பார்த்தால், நாய் எழுந்திருக்க முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறது. பின்னங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகின்றன. தூக்கி நிறுத்தி, வெளியே கூட்டிப்போய், தரையைத் துடைத்துவிட்டு மறுபடி படுக்கும்போது மணி ஐந்தேகால். எட்டரைக்கு ஆபீஸ் வண்டி வந்துவிடும்.

வயதான நாய் இருக்கிற வீடுகளில் இது தினசரிக் காட்சி. நாய் இறந்தபிறகு வரும் துக்கத்தைப் பற்றி நிறைய பேர் பேசுகிறார்கள். அதற்கு முந்தைய ஆறு மாதமோ ஒரு வருடமோ எப்படிப் போகும் என்று சொல்ல ஆள் இல்லை. எங்கள் வீட்டு மணிக்கு 13 வயதில் சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்தபோது எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை. அனுபவத்தில் தெரிந்துகொண்டதையும் கால்நடை மருத்துவம் சொல்வதையும் சேர்த்து இங்கே பார்க்கலாம்.

"வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்": இது சரியா?

பெரிய நாய்களுக்கு முதுமை சீக்கிரம் வரும். கிரேட் டேன் மாதிரி பெரிய உடம்புள்ள நாய் 7, 8 வயதிலேயே கிழடு தட்டிவிடும். லேப்ரடார் பெரும்பாலும் 10 முதல் 12 வயதைத் தாண்டி இருக்கும். சின்ன நாய்கள் 14, 15 வரைகூட ஓடும்.

ஆனால் படி ஏறத் தயங்குவது, பாதி நடையில் உட்கார்ந்துவிடுவது, ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருப்பது, ராத்திரி காரணமே இல்லாமல் மூச்சு வாங்குவது எல்லாம் வெறும் வயசு இல்லை. பெரும்பாலும் அது வலி. நாள்பட்ட வலிக்கு நாய் கத்தாது, அழாது. அமைதியாகிவிடும். நாம் "பாவம், ரொம்ப சாதுவாயிடுச்சு" என்று நினைத்துக்கொள்வோம். மூட்டு வலிக்கு நாய்களுக்கென்றே நல்ல மருந்துகள் இருக்கின்றன, கேட்டால்தான் கிடைக்கும்.

சிறுநீரகம் வேறு மாதிரி. தண்ணீர் அதிகமாகக் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் போவது, எடை குறைவது, வாயில் நாற்றம், சாப்பாட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வது. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறியிருக்கும். சிறுநீரகத்தின் முக்கால் பங்கு வேலை நின்றுபோன பிறகுதான் அந்த அளவே ஏற ஆரம்பிக்கும். அதனால் "முன்னாடியே கவனிச்சிருக்கணும்" என்று உங்களையே திட்டிக்கொள்வதில் பெரிய நியாயம் இல்லை. பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய விஷயம் அல்ல அது.

இதய நோய் இருந்தால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. நாய் நன்றாகத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்கு மேல் தொடர்ந்து போனால் காலை வரை காத்திருக்காமல் டாக்டருக்கு போன் பண்ணணும்.

ராத்திரி ஏன் சுத்திக்கிட்டே இருக்கு?

பகலெல்லாம் தூங்கி, ராத்திரி ஹாலில் சுற்றிச் சுற்றி வருவது, மூலையில் போய் நின்று சுவரைப் பார்ப்பது, கதவின் கீல் இருக்கிற பக்கம் நின்றுகொண்டு திறக்கச் சொல்வது. மனிதர்களுக்கு வரும் மறதி நோய் மாதிரி நாய்க்கும் மூளைத் தேய்வு உண்டு. முழுசாகக் குணமாகாது. ஹாலில் ஒரு சின்ன ராத்திரி விளக்கு, சாமான்களை இடம் மாற்றாமல் இருப்பது, மாலையில் கொஞ்ச நேரம் நடை என்று இருந்தால் ஓரளவு அடங்கும். மருந்தும் இருக்கிறது. தீபாவளி வாரத்துக்கு மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள். மூளை தேய்ந்த நாய்க்கு வெடிச் சத்தம் இரட்டிப்புப் பயம்.

வீட்டில் முதலில் எதை மாற்றணும்?

தரையை. நம் ஊர் டைல்ஸ், மார்பிள் எல்லாம் மூட்டு தேய்ந்த நாய்க்கு ஐஸ் கட்டி மாதிரி. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை ஒரு பாதை போடுங்கள். யோகா மேட், ரப்பர் மேட், பழைய சாக்கு, எதுவானாலும் வழுக்காமல் இருந்தால் போதும். நாங்கள் மருந்துக்குச் செலவு பண்ணிய எதைவிடவும் இரண்டு பழைய யோகா மேட்தான் மணியை அதிகம் நடக்க வைத்தது.

லிஃப்ட் இல்லாத மாடி வீடா? நீளமான குளியல் டவலை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டால், பின்னங்கால் பாரத்தை நீங்கள் தாங்கலாம். சாப்பாட்டுக் கிண்ணத்தை ஒரு முக்காலி மேல் வைத்தால் கழுத்து வலிக்காது.

இதில் பலர் செய்கிற ஆபத்தான தப்பு ஒன்று இருக்கிறது. வீட்டு மருந்து டப்பாவிலிருந்து நாமே வலி மாத்திரை கொடுப்பது. இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும். "அரை மாத்திரைதானே" என்பதெல்லாம் இங்கே செல்லாது.

சாப்பாட்டில் பிடிவாதம் வேண்டாம். சிறுநீரக நோய்க்கு உப்பும் பாஸ்பரஸும் குறைந்த சாப்பாடு நல்லது என்பது உண்மை. ஆனால் கடைசிக் கட்டத்தில் சாப்பிடாத நல்ல சாப்பாட்டைவிட, சாப்பிடுகிற சாதா சாப்பாடு மேல் என்று டாக்டர்களே சொல்வார்கள். லேசாகச் சூடு பண்ணினால் வாசனை வரும், சில நாய்கள் சாப்பிடும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மட்டும் எந்தக் கட்டத்திலும் கூடாது. பிரியாணி பிடிக்கும் என்பதற்காக வெங்காயத்தோடு கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டிலேயே டிரிப் போட முடியுமா?

முடியும். சிறுநீரக நோயில் தோலுக்கு அடியில் சலைன் ஏற்றுவதை டாக்டர் கற்றுக்கொடுப்பார். பாட்டிலை ஜன்னல் கம்பியில் மாட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து லேசாகச் சூடாக்கி, தோள்பட்டைக்கு நடுவில் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி ஊசியைக் குத்தணும். முதல் நாள் என் கைதான் நடுங்கியது, மணி அசையவே இல்லை. முதுகில் ஒரு உருண்டை மாதிரி வீங்கும், சில மணி நேரத்தில் தானே வற்றிவிடும். இதய நோய் உள்ள நாய்க்கு இது ஆபத்து. டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

முழுசாகப் படுத்துவிட்டால் வேலை கூடும். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் போடணும், இல்லையென்றால் இடுப்பெலும்பு, முழங்கை எல்லாம் புண்ணாகிவிடும். சிறுநீரில் நனைந்த முடியைக் கத்தரித்துவிட்டு, ஈரத்தை உடனே துடைக்கணும். நம் ஊர் வெயிலுக்கும் ஈக்கும் இதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும்: ஈரமான புண்ணில் ஈ உட்கார்ந்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். பகலில் கொசுவலையோ ஃபேனோ அவசியம். வால் அடியில், காதுக்குப் பின்னால் தினமும் பாருங்கள்.

வலியில் இருக்கும் நாய் தூக்கும்போது கடிக்கவும் செய்யும், எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும். பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "நம்ம நாய்தானே" என்று விடக் கூடாது.

ஆபீசில் என்ன சொல்வது?

இந்தியாவில் நாய்க்காக லீவு என்று தனியாகச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இப்படி ஒரு வழி விட்டிருக்கிறது: நோய்க்காக ஆண்டுக்கு 12 நாள் விடுப்பு, அதைத் தவிர நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் 12 நாள் தற்செயல் விடுப்பு. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனத்தில் வேலை பார்த்தால், "எனக்கு ஜுரம்" என்று பொய் சொல்லி மாட்டிக்கொள்வதைவிட தற்செயல் விடுப்பைக் கேட்பது நல்லது. எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே எடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். கடைசி வாரத்துக்கு மூன்று நாளாவது கையில் இருக்கட்டும்.

செய்தி அறையில் எனக்கு ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட்டைத் தொடர்ந்து கேட்டு வாங்கிக்கொண்டேன், பகலில் மணியோடு இருக்கலாம் என்று. நண்பர்களிடம் காரணம் சொல்ல ஒரு மாதம் கூச்சமாக இருந்தது. "நாய்க்காகவா?" என்று ஒருத்தர் கேட்டார். இன்னொருத்தர் தன் ஷிஃப்ட்டை மாற்றிக்கொடுத்தார்.

அந்தக் கூச்சத்துக்கு ஒரு பெயர் உண்டு. சமூகம் துக்கமாகவே ஏற்றுக்கொள்ளாத துக்கத்தைப் பற்றி கென்னத் டோகா என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1989-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். கவனிப்பவரின் களைப்பும் கற்பனை இல்லை. கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மேரி பெத் ஸ்பிட்ஸ்நேகல் குழு, 238 நாய், பூனை வளர்ப்பவர்களை வைத்துச் செய்த ஆய்வை 2017-ல் வெளியிட்டது. நாள்பட்ட நோயுள்ள பிராணியைப் பார்த்துக்கொள்பவர்களிடம் மன அழுத்தமும் சோர்வும் பதற்றமும் அதிகமாக இருந்தது தெரியவந்தது. தூக்கம் கெட்டு, கோபம் வந்து, நாயையே திட்டிவிட்டு, அப்புறம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறீர்களா? நீங்கள் கெட்டவர் இல்லை, களைத்திருக்கிறீர்கள். வீட்டில் இருப்பவர்கள் ராத்திரி முறை பிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி மதியம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலே பெரிய உதவி.

எப்போது போதும் என்று முடிவெடுப்பது?

தினமும் பார்க்கிற கண்ணுக்குச் சரிவு தெரியாது. அதனால்தான் அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-ல் ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார். வலி, பசி, உடம்பில் நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்ற ஏழுக்கும் 10-க்கு எவ்வளவு என்று போடணும். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் கவனிப்பைத் தொடரலாம் என்பது அவர் கணக்கு. வலி என்கிற இடத்தில் மூச்சுத் திணறலும் சேரும், அதற்குத்தான் முதல் இடம்.

அவ்வளவு வேண்டாம் என்றால் சமையலறை காலண்டர் போதும். நல்ல நாளுக்கு ஒரு டிக், கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது எங்கள் காலண்டரில் கடைசி 11 நாளில் இரண்டே டிக். அதுவரை "நேத்து நல்லாத்தானே இருந்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா, அன்றைக்குத்தான் பேசாமல் காலண்டரைப் பார்த்தார்.

வீட்டில் சண்டை வரும். "போற உயிர் தானா போகட்டும், நாம யாரு அதை எடுக்க?" என்பார் ஒருவர். "கஷ்டப்படறதைப் பார்த்துட்டு இருக்கிறதுதான் பாவம்" என்பார் இன்னொருவர். இரண்டிலும் அன்புதான் இருக்கிறது. ஆனால் நானாகவே இறக்கட்டும் என்று விடுவது எப்போதும் அமைதியான சாவு இல்லை என்பதை டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிறுநீரகம் முழுசாகச் செயலிழந்தால் வாந்தி, வாய்ப்புண், வலிப்பு வரலாம். இயற்கையாகவே போகட்டும் என்று முடிவெடுத்தாலும் வலி மருந்தும் வாந்தி மருந்தும் தொடர வேண்டும். வலி மருந்தோடு வீட்டில் இறப்பதும் கௌரவமான வழிதான். மருந்தே இல்லாமல் விட்டுவிடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

கருணைக்கொலை சட்டப்படி சரியா? அப்போது என்ன நடக்கும்?

ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் மனிதர்களுக்கு அனுமதி இல்லை. மீள முடியாத வேதனையில் இருக்கும் விலங்குகள் விஷயம் வேறு. 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்திலேயே அதற்கு இடமிருக்கிறது. ஆனால் தகுதி பெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே செய்யலாம்.

முதலில் மயக்க மருந்து. நாய் ஆழ்ந்து தூங்கியபிறகு நரம்பில் அதிக அளவு மயக்க மருந்து ஏற்றப்படும். சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கண் மூடாது. சிறுநீர் வெளியேறலாம். எல்லாம் முடிந்தபிறகும் ஒரு பெரிய மூச்சு, தசைத் துடிப்பு வரலாம். அது அனிச்சை, உயிர் இல்லை. இதை முன்னாடியே தெரிந்துவைத்துக்கொள்ளாதவர்கள் அந்த ஒரு மூச்சைப் பார்த்துவிட்டு வருஷக்கணக்கில் வருத்தப்படுகிறார்கள். பணத்தையும் கையெழுத்தையும் முன்பே முடித்துவிடுங்கள், அழுதுகொண்டே பில் கட்டுவது கொடுமை.

தனியார் கிளினிக் கட்டுப்படியாகவில்லை என்றால் 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை சென்னை வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாட்டிலும் அரசு கால்நடைக் கல்லூரிகள் இருக்கின்றன. கூட்டம் இருக்கும், காலையிலேயே போகணும்.

வீட்டில் குழந்தை இருந்தால் "தூங்க வச்சாச்சு" என்று சொல்லாதீர்கள். அன்றைக்கு ராத்திரி அது தூங்கப் பயப்படும். "செத்துப் போயிடுச்சு, இனிமே வராது" என்று சொன்னால் அழும், ஆனால் புரிந்துகொள்ளும்.

அதற்கப்புறம்?

சொந்த இடத்தில் புதைப்பதானால் நான்கு அடி ஆழமாவது வேண்டும், கிணறு, போர் பக்கத்தில் வேண்டாம். இடம் இல்லாதவர்கள் மாநகராட்சியிடமோ, தகன வசதி செய்துதரும் விலங்கு நல அமைப்புகளிடமோ முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. ஏரியிலோ குப்பைத் தொட்டியிலோ போடக் கூடாது. வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் சில நாள் தேடும், சாப்பாட்டைக் குறைக்கும். இரண்டு நாளைக்கு மேல் எதையுமே தொடவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பிரிக்காத சலைன் பாட்டில்கள் எங்களிடம் ஆறு மீந்திருந்தன. டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம், காலாவதி தேதி பார்த்து வாங்கிக்கொண்டார். யோகா மேட் இன்னும் ஹாலில்தான் கிடக்கிறது.