ஊருக்கு உழைத்தால் வக்கீலுக்கு உயர்வு உண்டா?

வக்கீல் என்றதும் கறுப்பு கோட்டும் கோர்ட்டும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், அமெரிக்காவில் ஒரு பிரிவு வக்கீல்களுக்கு முக்கியமான வேலையே மாலை ஆறு, ஏழு மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கும். இடம், ஊர் நிர்வாகக் கட்டடத்தில் இருக்கும் கூட்ட அறை. அங்கே நீதிபதி கிடையாது. எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பவர்கள், அதே ஊரில் குடியிருக்கும் ஆசிரியர், கடைக்காரர், ஓய்வுபெற்ற இன்ஜினீயர் போன்றவர்கள். பின்வரிசை நாற்காலிகளில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். 'இந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வரலாமா, கூடாதா?' என்பதுதான் அன்றைய பஞ்சாயத்து.

இந்தக் கூட்டங்களில் வாதாடுபவர்களை 'லேண்ட் யூஸ்' வக்கீல்கள் என்கிறார்கள். நிலப் பயன்பாட்டுச் சட்டம்தான் இவர்களின் தொழில். நம்மூரில் மனை வாங்கும்போது 'சி.எம்.டி.ஏ அப்ரூவல் இருக்கா, டி.டி.சி.பி அப்ரூவல் இருக்கா?' என்று கேட்கிறோம் இல்லையா? அதேபோல, எங்கே வீடு வரலாம், எங்கே கடை வரலாம், எங்கே தொழிற்சாலை வரலாம் என்று பிரித்து வைப்பதை அங்கே 'ஸோனிங்' என்கிறார்கள். நியூஜெர்சி மாநிலத்தில் இந்த அதிகாரம் பெரும்பாலும் அந்தந்த ஊர்களின் கையில் இருக்கிறது. ஊர்க்காரர்களே உறுப்பினர்களாக இருக்கும் 'பிளானிங் போர்டு' முன்பு கட்டுமானத் திட்டங்கள் வரும். விதியில் விலக்கு கேட்பவர்கள் 'ஸோனிங் போர்டு'க்குப் போகவேண்டும். முறையான விசாரணை என்றால், அந்த இடத்திலிருந்து 200 அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். அவர்கள் நேரில் வந்து கேள்வி கேட்கலாம், ஆட்சேபம் சொல்லலாம்.

இப்படிப்பட்ட தொழிலில் ஒரு வக்கீல் எப்படி முன்னுக்கு வருகிறார்?

ஆறு நிமிடக் கணக்கு

அமெரிக்கச் சட்ட நிறுவனங்களில் படிப்பு முடித்துச் சேர்பவர் 'அசோசியேட்'. பொதுவாக ஏழு முதல் பத்து ஆண்டுகள் உழைத்தபிறகு, நிறுவனத்தின் லாபத்தில் பங்குள்ள 'பார்ட்னர்' ஆகும் வாய்ப்பு வரும். அதுவரை அவருடைய உழைப்பு மணிக்கணக்கில் அளக்கப்படும். ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரித்து, ஆறு ஆறு நிமிடமாகக் குறித்து வைக்கிறார்கள். கட்சிக்காரருக்குக் கட்டணம் போடக்கூடிய நேரம் ஆண்டுக்கு 1,800 முதல் 2,000 மணி நேரம் வரை இருக்கவேண்டும் என்று பல நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன. சாப்பாடு, பயணம், அலுவலகப் பேச்சு எல்லாம் இந்தக் கணக்கில் வராது என்பதால், இதை எட்டுவதற்கு அலுவலகத்தில் அதைவிட எவ்வளவோ கூடுதல் நேரம் இருந்தாக வேண்டும்.

பார்ட்னர் ஆவதற்கு மணிக்கணக்கு மட்டும் போதாது. கட்சிக்காரர்களைக் கொண்டுவரவும் தெரிந்திருக்க வேண்டும். நிலச்சட்டத்தில் கட்சிக்காரர்கள் வருவது ஊர் முகங்கள் வழியாகத்தான். அதனால்தான் இந்த நிறுவனங்கள் தங்கள் வக்கீல்களை வெளியே அனுப்புகின்றன. ஊர் நூலக அறக்கட்டளையில் ஒருவர், வரலாற்றுக் கட்டடப் பாதுகாப்புக் குழுவில் இன்னொருவர், ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் தொண்டு அமைப்பில் மற்றொருவர் என்று பொறுப்பேற்கிறார்கள். பதவி உயர்வு அறிவிப்பு வரும்போது, ஜெயித்த வழக்குகளோடு இந்தப் பொறுப்புகளையும் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

இது சேவையா, விளம்பரமா? இரண்டும் கலந்ததுதான். எது எவ்வளவு என்பது, அந்த வக்கீல் யாருக்காக நேரம் ஒதுக்குகிறார் என்பதைப் பொறுத்தது.

சின்சினாட்டி காட்டிய வழி

இந்தத் துறையின் ஆரம்பமே ஊர்ப்பணியில்தான் இருக்கிறது. ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரத்தில் ஆல்ஃப்ரெட் பெட்மேன் என்றொரு வக்கீல் இருந்தார். 1873-ல் பிறந்தவர். நகரங்கள் தங்கள் வளர்ச்சியைத் தாங்களே திட்டமிட வழிவகுக்கும் சட்டம் ஒஹையோவில் 1915-ல் வந்ததற்கு இவருடைய முயற்சி முக்கியக் காரணம்.

1926-ல் கிளீவ்லேண்டை ஒட்டிய யூக்ளிட் என்ற சிற்றூரின் ஸோனிங் விதியை எதிர்த்து ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனம் தொடுத்த வழக்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 68 ஏக்கர் நிலத்தின் மதிப்பே போய்விட்டது என்பது நிறுவனத்தின் வாதம். பெட்மேன் இரண்டு தரப்புக்கும் வக்கீல் இல்லை. நீதிமன்றத்துக்கு உதவும் நண்பராக, நகரத் திட்ட அமைப்புகள் சார்பில் ஒரு மனு தாக்கல் செய்தார். ஸோனிங் செல்லும் என்று 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அதற்கு அவருடைய மனு பெரிதும் உதவியது என்பது சட்ட வரலாற்றில் பலரும் ஒப்புக்கொண்ட விஷயம். 1930 முதல் 1945-ல் இறக்கும்வரை தன் நகரத்தின் திட்டக் குழுவுக்கு அவர் தலைவராக இருந்தார்.

ஆனால், பெட்மேன் காப்பாற்றிக் கொடுத்த அதே ஸோனிங், பிற்பாடு வேறு விதமாகவும் பயன்பட்டது. 'தனி வீடுகள் மட்டும்தான் கட்டலாம், மனை இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்' என்று விதி போட்டால், 'ஏழைகள் வரக்கூடாது' என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை. விலையே அவர்களை வெளியே நிறுத்திவிடும்.

ஒரு ஆசிரியையும் மூன்று வக்கீல்களும்

அதுதான் நடந்தது, நியூஜெர்சியின் மவுன்ட் லாரல் என்ற ஊரில். ஃபிலடெல்ஃபியா நகரத்துக்கு அருகில் இருக்கும் இந்த ஊரில், கறுப்பினக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தன. 1960-களில் விவசாய நிலங்கள் எல்லாம் புதிய குடியிருப்புகளாக மாறத் தொடங்க, விலை ஏறியது. சில ஏழைக் குடும்பங்கள் கோழிக்கொட்டகைகளை மாற்றியமைத்துக் குடியிருந்தன. அவற்றையும் 'வசிக்கத் தகுதியற்றது' என்று நிர்வாகம் மூடிக்கொண்டே வந்தது.

குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியையாக இருந்த எதெல் லாரன்ஸும் மற்ற ஊர்க்காரர்களும் சேர்ந்து, 36 எளிய வீடுகள் கட்ட அனுமதி கேட்டார்கள். கிடைக்கவில்லை. 1970-ல், கறுப்பின மக்கள் கூடியிருந்த தேவாலயத்துக்கே வந்த மேயர், இந்த ஊரில் வாழ வசதியில்லாதவர்கள் வெளியேற வேண்டியதுதான் என்ற பொருள்படப் பேசினார். எதெலின் குடும்பம் ஆறு தலைமுறையாக அந்த வட்டாரத்தில் இருந்தது!

அவர்களுக்காக வந்தவர்கள், கேம்டன் வட்டார இலவசச் சட்ட உதவி மையத்தின் இளம் வக்கீல்களான கார்ல் பிஸ்கேயர், கென்னத் மைசர், பீட்டர் ஓ'கானர் மூவரும். 1971-ல் வழக்கு போட்டார்கள். 1975-ல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம், வளர்ந்துவரும் ஊர்கள் குறைந்த வருமானக்காரர்களுக்கும் தங்கள் பங்குக்கு இடம் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஊர்கள் அசையவில்லை. 1983-ல் அதே நீதிமன்றம் இன்னும் கடுமையாகச் சொன்னது. எளிய வீடுகளையும் சேர்த்துக் கட்ட முன்வரும் பில்டர்கள், மறுக்கும் ஊர்களை நீதிமன்றத்துக்கு இழுத்து அனுமதி பெறவும் வழி திறந்தது.

இரண்டு பாதைகள்

அந்த வக்கீல்களின் பிற்கால வாழ்க்கைதான் நம் கேள்விக்குப் பதில் சொல்கிறது. பிஸ்கேயர் பின்னர் தனியாகத் தொழில் நடத்தினார். அந்தத் தீர்ப்பைப் பயன்படுத்தி எளிய வீடுகளோடு குடியிருப்புகள் கட்ட விரும்பிய பில்டர்களுக்காக வாதாடினார். ஏழைகளுக்காகக் கற்ற சட்டமே அவருடைய தொழிலுக்கும் மூலதனம் ஆனது. பீட்டர் ஓ'கானர், ஏழைகளின் வீட்டுரிமைக்காக 1975-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். பிறகு, வீடுகளைக் கட்டிப் பராமரிப்பதற்கே இன்னோர் அமைப்பையும் உருவாக்கினார்.

எதெல் லாரன்ஸ் 1994-ல் காலமானார். அவர் கேட்ட வீடுகளை அவர் பார்க்கவில்லை. அவர் பெயரிலான குடியிருப்பு 2000-ம் ஆண்டின் இறுதியில்தான் திறக்கப்பட்டது. இன்று அங்கே 140 வீடுகள். 'குற்றம் பெருகும், சுற்றியிருக்கும் வீடுகளின் விலை விழும், வரி ஏறும்' என்று பயந்தவர்கள் ஏராளம். சமூகவியல் பேராசிரியர் டக்ளஸ் மாஸ்ஸியும் குழுவினரும் ஆராய்ந்து 2013-ல் நூலாக வெளியிட்டார்கள். அந்த மூன்றுமே நடக்கவில்லை என்பதுதான் முடிவு.

எல்லையும் உண்டு

ஊர்ப்பணியில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பிளானிங் போர்டில் உறுப்பினராக இருக்கும் வக்கீல், தன் நிறுவனத்தின் கட்சிக்காரர் கொண்டுவரும் திட்டத்துக்கு ஓட்டுப் போட்டால் என்ன ஆகும்? சொந்த ஆதாயம் சம்பந்தப்பட்ட எந்த விஷயத்திலும் உறுப்பினர் பங்கேற்கக்கூடாது என்று நியூஜெர்சி சட்டம் தெளிவாகத் தடுக்கிறது. ஆகவே, ஒரு நல்ல பொறுப்பை ஏற்பதற்காக ஒரு நல்ல கட்சிக்காரரை இழக்க நேரலாம். எதை விடுவது என்று தீர்மானிக்கும் அந்த இடத்தில்தான் உண்மையான அக்கறை தெரியும்.

ஒவ்வொரு வக்கீலும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் கட்டணமில்லாமல் உழைக்க வேண்டும் என்பது அமெரிக்க பார் அசோசியேஷனின் மாதிரி விதி. அது கட்டாயம் அல்ல, எதிர்பார்ப்பு. நியூயார்க்கில் மட்டும் 2015 முதல், வக்கீலாகப் பதிவு செய்ய விரும்புபவர்கள் முன்கூட்டியே 50 மணி நேரச் சேவை செய்திருக்க வேண்டும்.

அங்கே போய்ச் சட்டம் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், வேலைக்கான நேர்காணலில் சம்பளத்தோடு இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளலாம். 'இலவசமாக உழைக்கும் மணி நேரத்தை, நிறுவனம் என் ஆண்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமா?' சில நிறுவனங்கள் முழுதாகச் சேர்க்கின்றன, சில ஓர் அளவுக்கு மட்டும். சேர்க்காத நிறுவனத்தில், ஊருக்கு உழைக்கும் ஒவ்வொரு மாலையும் அந்த இளம் வக்கீலின் தூக்கத்திலிருந்துதான் கழியும். ஒரு நிறுவனம் ஊர்ப்பணியை எந்த அளவுக்கு மதிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள, இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலே போதும்.