உப்புக்காக அளந்த ஏற்றம்

மத்தியதரைக் கடலோரத்தில் பிரான்ஸ் முடிந்து இத்தாலி தொடங்கும் இடத்தில் மாந்தோன் என்ற ஊர் இருக்கிறது. எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து நேர்கோட்டில் அளந்தால் ஐம்பது கிலோமீட்டருக்குள் 3,297 மீட்டர் உயரமுள்ள அர்ஜென்தேரா சிகரம் நிற்கிறது. கடலோர ஆல்ப்ஸ் என்ற பெயர் சும்மா வைத்ததல்ல. ஒலிவ மரத்தடியில் காலையில் புறப்பட்டவர் பொழுது சாய்வதற்குள் மரமே முளைக்காத பாறை வெளிக்குப் போய்விடலாம். கோடை பிறந்தால் இந்த மலைகளின் கணவாய்களை நோக்கிச் சைக்கிளிலும் நடந்தும் ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். காரில் கடந்துபோகிறவர்களுக்கு இது விளங்காத வேலை. அரை மணியில் முடிகிற ஏற்றத்துக்கு மூன்று மணி நேரம் வியர்வை சிந்துவானேன்? ஏறுகிறவர்களும் தங்கள் பங்குக்கு வலி, வெற்றி, மலையை அடக்குவது என்றே பேசுகிறார்கள். இரண்டு பேச்சிலும் ஒரே பிழை. மனித உடம்புக்கு எதிராக மலை எழுப்பிய தடுப்பு என்றுதான் இரு தரப்பும் கணவாயை நினைக்கின்றன. மலை விட்டுக்கொடுத்த இடமல்லவா கணவாய்? அதற்கு ஏறும் பழைய வழிகள் காலையும் குளம்பையும் வண்டிச் சக்கரத்தையும் மனத்தில் வைத்து அளந்து போட்டவை. மோட்டார் வண்டிதான் அங்கே கடைசியாக வந்து சேர்ந்த விருந்தாளி.

இதற்கு முதல் சாட்சி உப்பு. 1388-ல் நீஸ் நகரம் சவாய் அரச குடும்பத்தின் கைக்கு வந்தது. மலைக்கு வடக்கே உள்ள பீட்மாண்ட் சமவெளிக்குக் கடல் கிடையாது. ஆனால் பாலாடைக்கட்டி செய்யவும் இறைச்சியைப் பதப்படுத்தவும் ஆடுமாடுகளுக்குக் கொடுக்கவும் உப்பு வேண்டும். புரோவான்ஸ் கடற்கரை உப்பளங்களிலிருந்து படகில் நீஸுக்கு வந்த உப்பு, கோவேறு கழுதைகளின் முதுகில் மலை ஏறியது. நிலத்தைப் பார்த்தால் சுலபமான வழி, ரோயா ஆற்றுப் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் 1,871 மீட்டரில் இருக்கும் தெந்தா கணவாய். அது அப்போது வேறொரு பிரபுவின் மண். ஆகவே 1430களில் பகனீனோ தல் பொஸ்ஸோ என்பவர் பக்கத்து வெசுபி பள்ளத்தாக்கின் வழியே உப்புப் பாதையைச் சீர்படுத்தினார். அந்தப் பக்கத்துக் கணவாயான ஃபெனெஸ்த்ர் 2,474 மீட்டர். வேற்றான் நிலத்தில் கால் வைப்பதைவிட அறுநூறு மீட்டர் கூடுதலாக ஏறுவது மேல் என்று கணக்குப் போட்ட காலம். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெந்தாவும் சவாயிடம் வந்தது. உப்பும் தாழ்ந்த கணவாய்க்குத் திரும்பியது. 1780களில் அந்த வழி குதிரை வண்டிகள் போகும் அரச சாலையானது. கணவாய்க்குக் கீழே, இன்றைய பிரெஞ்சுச் சரிவில், ஐம்பதுக்குச் சற்றே குறைவான கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன. மேலிருந்து பார்க்கும்போது யாரோ விளையாட்டாகக் கிறுக்கியதுபோலத் தோன்றும். கிறுக்கல் அல்ல, இழுக்கிற விலங்கின் மூச்சுக்கு ஏற்றபடி போட்ட கணக்கு.

அந்தக் கணக்கைச் சற்று விரித்துப் பார்க்கலாம். சுமையேற்றிய வண்டியை விலங்குகள் நெடுந்தூரம் நிற்காமல் இழுத்துப்போக வேண்டுமானால் நூறு மீட்டருக்கு ஆறேழு மீட்டருக்கு மேல் சாலை உயரக் கூடாது. உயர்ந்தால் ஏறும்போது விலங்கு நின்றுவிடும், இறங்கும்போது வண்டி விலங்கின் மேலேயே ஏறும். நடக்கிறவருக்கு இந்த மென்மை வீண். ஆல்பெர்த்தோ மினெத்தி என்ற இத்தாலிய உடலியலாளர், மலையில் ஒவ்வொரு மீட்டர் உயரம் ஏறவும் நடப்பவர் செலவழிக்கும் சக்தியை ஆராய்ந்து, மிகச் சிக்கனமான ஏற்றம் நூற்றுக்கு 25 அளவில் இருப்பதாக 1995-ல் காட்டினார். மலைவாசிகள் காலங்காலமாகப் போட்டு வைத்த ஒற்றையடிப் பாதைகளும் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கின்றன. எந்தக் கருவியும் இல்லாமல், முழங்காலும் நுரையீரலும் சொன்னதைக் கேட்டே அவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஆக, அறுநூறு மீட்டர் உயரம் ஏற நடைபாதைக்கு இரண்டரைக் கிலோமீட்டர் போதும். வண்டிச் சாலைக்கு ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். கணவாய்களில் சாலையின் வளைவுகளை ஒரு பாதை குறுக்கே வெட்டிக்கொண்டு நேராக மேலேறுவதைக் கண்டால், ஒரே மலையில் இரண்டு உடம்புகள் எழுதிய இரண்டு கையெழுத்துகளைப் பார்க்கிறோம் என்று பொருள். ரயிலுக்கு இந்த இரண்டுமே ஆகாது. குனேயோவிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ரயில்பாதை உயரத்தைச் சமாளிக்க மலையின் வயிற்றுக்குள்ளேயே திருகாணிபோலச் சுற்றி வருகிறது. காருக்கோ ஆறும் ஒன்றுதான் பத்தும் ஒன்றுதான். ஓட்டுகிறவர் சாலையின் சரிவை உணர்வதே இல்லை. நடக்கிறவர் முதல் கையெழுத்தையும் சைக்கிளில் வருகிறவர் இரண்டாவதையும் வரி விடாமல் படிக்கிறார்கள்.

இதைப் பொனெத் கணவாய் இன்னும் பளிச்சென்று காட்டுகிறது. வடக்கே ஜோசியே கிராமத்திலிருந்து 24 கிலோமீட்டர். மொத்தத்தில் சராசரி ஏற்றம் நூற்றுக்கு ஆறரை. இராணுவம் பயன்படுத்திய மலைவழி இது. தெற்குச் சரிவில் ஆல்ப்ஸ் படையினரின் கைவிடப்பட்ட முகாம் கூரையிழந்து நிற்கிறது. 2,715 மீட்டரில் கணவாய் வந்துவிடுகிறது, சாலையின் வேலையும் அங்கே முடிந்துவிடுகிறது. ஆனால் 1960களின் தொடக்கத்தில், அங்கிருந்து ஒரு கரிய கூம்பு மலையைச் சுற்றிக்கொண்டு 2,802 மீட்டர் வரை ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் ஒரு வளையச் சாலையைச் சேர்த்தார்கள். அது எந்த ஊருக்கும் போகவில்லை. ஐரோப்பாவின் மிக உயரமான சாலை என்று பலகை வைக்கத்தான் அது உதவுகிறது. அந்தப் பெருமையும் நிலைக்காது, ஸ்பெயினில் வெலெத்தா மலைச் சாலை இதைவிட உயரம். கவனிக்க வேண்டியது சரிவை. படைக்கும் சுமைக்கும் பயன்பட்ட பகுதி சீராக ஏறுகிறது. காரில் வருகிறவர் எட்டிப் பார்ப்பதற்காகப் போட்ட கடைசித் துண்டு மட்டும் பத்து சதவீதத்தைத் தாண்டிச் செங்குத்தாகிறது. யாருக்காகச் சாலை போட்டார்கள் என்பதைச் சாலையே சொல்லிவிடுகிறது. 1962-லும் 1964-லும் தூர் த ஃபிரான்ஸ் பந்தயத்தில் பாஹமோந்தெஸ் என்ற ஸ்பானியர் முதலாவதாக இதைக் கடந்தார். அன்றிலிருந்து 2024 வரை அந்தப் பந்தயம் இங்கே வந்தது மொத்தம் ஐந்தே முறை. பந்தயத்தால் பெயர் பெற்ற மலைச் சாலை என்று இதைச் சொல்வது தலைகீழ்.

இங்கே ஒரு மறுப்பு எழும். உப்புச் சுமந்தவன் வேறு வழியின்றி ஏறினான். அவனிடம் சுரங்கப்பாதையைக் காட்டியிருந்தால் ஓடிப்போய் நுழைந்திருப்பான். விடுமுறைக்கு வந்து ஆயிரக்கணக்கில் விலையுள்ள சைக்கிளில் ஏறுகிறவர் தன்னை அவனுடைய வாரிசு என்று சொல்லிக்கொள்வது வேஷம் அல்லவா? பாதி நியாயம் இதில் உண்டு. 1882-ல் தெந்தா கணவாய்க்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமான சாலைச் சுரங்கம் திறந்ததும் வியாபாரம் ஒரேயடியாகக் கீழே இறங்கிவிட்டது. ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது மீட்டர் ஏற்றம் மிச்சம்; பனிக்காலப் பயமும் குறைந்தது. யார்தான் வேண்டாமென்பார்கள்? கணவாயின் உச்சியில் இத்தாலி கோட்டைகளைக் கட்டியதால் மேல் வழி இராணுவத்தின் பொறுப்பில் பிழைத்துக் கிடந்தது. 1947 சமாதான ஒப்பந்தத்தில் எல்லை மாறி ரோயாவின் மேல் பகுதி பிரான்சுக்குப் போனபின் கோட்டைகளுக்கும் வேலையில்லை. அப்படி எல்லோரும் கைகழுவிய வழியில் இன்றும் நடமாட்டம் இருப்பதற்குக் காரணம் மேய்ச்சல்காரர்களும் இந்த விடுமுறைக்காரர்களும்தான். உரிமை வாரிசா இல்லையா என்ற வழக்கை ஒதுக்கிவிடலாம். வீட்டில் விளக்கேற்றுகிறவர் யார் என்பதுதான் கேள்வி.

இது திடகாத்திரமானவர்களின் விளையாட்டு, பழைய வழிகள் சாதாரண உடம்புக்கு ஆகாது என்பது அடுத்த வாதம். இதற்கு ஃபெனெஸ்த்ர் கணவாய் தரும் பதிலைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டும். 1943 செப்டம்பரில் இத்தாலி போரிலிருந்து விலகியதும், அதுவரை இத்தாலியப் படையின் பிடியில் ஓரளவு பாதுகாப்பாக இருந்த சேன் மார்த்தேன் வெசுபி கிராமத்தின் யூத அகதிகள், ஜெர்மானியர் வருமுன் மலையைக் கடக்கத் துணிந்தார்கள். சுமார் ஆயிரம் பேர். கைக்குழந்தைகள், முதியவர்கள், நகரத்துச் செருப்பும் பெட்டியும் தவிர வேறெதுவும் இல்லாதவர்கள். ஃபெனெஸ்த்ர், செரீஸ் என்ற இரு கணவாய்களின் வழியே அவர்கள் நடந்து இத்தாலியப் பக்கம் இறங்கினார்கள். அந்தப் பக்கமும் ஜெர்மானியர் வந்துவிட்டதால் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் பிடிபட்டு, பெரும்பாலோர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள் என்பது தனித் துயரம். ஆண்டுதோறும் செப்டம்பரில் அவர்கள் நினைவாக இந்த வழிகளில் மக்கள் நடக்கிறார்கள். 2,474 மீட்டர் உயரத்தைக் கிழவர்களும் பிள்ளைகளும் கடக்க முடிந்ததற்கு அவர்களுடைய அச்சமும் மனவலிமையும் காரணங்கள். சுமையோடு கழுதை ஏறுவதற்காக அளந்த பாதை காலடியில் இருந்தது இன்னொரு காரணம்.

மின்சார சைக்கிள் பற்றிய சச்சரவு இதைவிட லேசானது. பேட்டரி உதவியோடு ஏறுகிறவரை உண்மையான சைக்கிள்காரராகச் சிலர் ஒப்புக்கொள்வதில்லை. கியருக்கும் ஒரு காலத்தில் இதே கதிதான். தூர் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்ஜ், கியர் வயதானவர்களுக்கு உரியது என்று கருதியவர். சங்கிலியை மாற்றும் கியர் 1937 வரை அந்தப் பந்தயத்தில் அனுமதிக்கப்படவில்லை. சேந்த் எத்தியேன் நகரத்தில் வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய போல் த விவி, கியரைத் தூக்கிப் பிடித்ததே சாதாரண மனிதர் மலையேற வேண்டும் என்பதற்காக. அவர் பக்கம்தான் காலம் சாய்ந்தது. ஏற்றத்தின் சரிவை உணர்ந்துகொண்டே ஏறுகிறவரையில் மோட்டார் எத்தனை வாட் கொடுக்கிறது என்பது அவரவர் முழங்காலின் சமாச்சாரம்.

கனமான மறுப்பு வேறொன்று. சைக்கிள்காரர் மிதிக்கும் தார் காருக்காகப் போட்டது. பனி விலக்கும் இயந்திரத்துக்கும் பாறைச் சரிவைத் தடுக்கும் வலைக்கும் பணம் கொடுப்பது மோட்டார் போக்குவரத்துக்காகத்தான். மலைக்கிராமத்தில் வாழ்கிறவருக்கு மருத்துவமனைக்கு வண்டி வேண்டும். நடக்க முடியாதவருக்கும் உச்சியைப் பார்க்கும் ஆசை இருக்கும். இவை அனைத்தும் சரி. ஆனால் இவற்றிலிருந்து கணவாயை முழுக்க மோட்டாருக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்ற முடிவு வருவதில்லை. லிமோனேவிலிருந்து மொனேசி வரை இரண்டாயிரம் மீட்டர் உயரத்தை ஒட்டி ஓடும் பழைய இராணுவ மண்சாலையை இத்தாலியர்கள் இன்று உப்பு உயர்வழி என்று அழைக்கிறார்கள். அங்கே மோட்டார் வண்டிக்குக் கட்டணம் உண்டு, ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற வரம்பு உண்டு. செவ்வாயும் வியாழனும் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் மட்டும். பிரெஞ்சு ஆல்ப்ஸ் மாவட்டங்களிலும் கோடையில் சில காலை நேரங்களில் சில கணவாய்களைச் சைக்கிள்களுக்கென்று ஒதுக்குகிறார்கள். யாரையும் விரட்டாமல் முறை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. ஊர்க்குளத்தில் முறைத்தண்ணீர் பாய்ச்சுவதுபோல. இதைப் பரவலாக்குவதற்கு எதிராகச் சொல்லத்தக்க காரணம் எதுவும் தெரியவில்லை.

நடப்பவரும் மலைக்குச் சேதம் செய்வதில்லையா என்றால், செய்கிறார்கள். பேகோ மலையடியில், வியப்புகளின் பள்ளத்தாக்கு என்று அழைக்கப்படும் இடத்தில், நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முன் மலையேறியவர்கள் பாறையில் கொத்திய கொம்புகளும் ஏர்களும் பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றன. மாந்தோனில் முடியும் நெடும்பாதை அதன் ஊடாகத்தான் போகிறது. ஊன்றுகோலின் இரும்பு முனைகூட அங்கே படக் கூடாது என்று 1979-ல் உருவான மெர்காந்தூர் தேசியப் பூங்கா விதி வைத்திருக்கிறது. பூங்காவின் மையப் பகுதிப் பாதைகளில் சைக்கிளுக்கும் தடை. 1992-ல் ஓநாய் இந்தப் பூங்காவுக்குத் திரும்பியதிலிருந்து ஆட்டு மந்தைகளோடு பெரிய காவல் நாய்களும் இருக்கின்றன. மந்தையைக் கண்டால் சைக்கிளை விட்டிறங்கிச் சுற்றிப் போவதே மரியாதை, பாதுகாப்பும்கூட. கட்டுப்பாடுகள் வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

சுரங்கமும் அகலச் சாலையும் இருக்க, பழைய வழிகளைப் பேணுவது ஆடம்பரம் என்கிறவர்களுக்கு 2020 அக்டோபர் 2-ஐ நினைவூட்டலாம். அலெக்ஸ் என்று பெயரிட்ட புயல், கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து இந்த மலைகளில் மோதியது. வெசுபி பள்ளத்தாக்கில் ஒரே நாளில் ஐந்நூறு மில்லிமீட்டர் மழை. ரோயா ஆறு சாலையைத் துண்டு துண்டாகத் தின்றது. தெந்தா சுரங்கத்தின் பிரெஞ்சு வாசலுக்கு எதிரே இருந்த சாலையே மலையோடு சரிந்து போனது. கிராமங்களுக்கு உயிர்நாடியாக இருந்தது ரயில். ரயில் எட்டாத இடங்களுக்குத் தன்னார்வலர்கள் முதுகில் சுமந்துகொண்டு நடந்தார்கள். ஆற்றை ஒட்டிய சாலை போய், சரிவில் உயரே ஒட்டிக்கிடந்த பாதை மிஞ்சியதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆறு கோபிக்கும் என்று தெரிந்தவர்கள் போட்ட பாதை அது.

தெந்தா சுரங்கத்துக்குள் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. கடற்கரையிலிருந்து மிதித்து வந்து அதன் வாசலை அடைகிறவருக்கு இரண்டே வழிகள்: கீழே நிலையத்துக்குத் திரும்பி வண்டியை ரயிலில் ஏற்றுவது, அல்லது நிமிர்ந்து பார்த்துவிட்டு முதல் வளைவில் திரும்புவது.