எலி பாஸ்... மனுஷன்?

வேப்பந்தட்டை பக்கம் மக்காச்சோளம் அடிக்கிற மெஷினில் விரல் துண்டாகிவிட்டால், எலும்பைக் கம்பி போட்டு நிறுத்திவிடலாம் சார். ரத்தம் ஓட வேண்டுமே! விரலின் ரத்தக்குழாய் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். நசுங்கிய இடத்தில் செயற்கைக் குழாய் வைத்தால்? வயிற்றின் பெரிய குழாய்க்கு டெக்ரான் 1950களிலேயே வந்தாச்சு. 6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது.

அதனால்தான் எலியாரைப் பிடிக்கிறார்கள். அவர் தொடைக் குழாயும் அதே பொடி சைஸ்! மைக்ராஸ்கோப் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறார்கள். வம்பு என்னவென்றால், எலிக்குச் செயற்கைக் குழாயின் உள்ளே புதுச் சவ்வு மளமளவென்று படர்ந்துவிடும். மனுஷனுக்கு? ம்ஹூம், தையல் ஓரத்தோடு நின்றுவிடும். எலியிடம் பாஸ் மார்க் வாங்கிய குழாயை நம்பி விரலை ஒப்படைப்பது எப்படி? திருவனந்தபுரம் சித்ரா இன்ஸ்டிடியூட்டில் இதய வால்வைச் செம்மறி ஆட்டில் வைத்துப் பார்த்த பிறகே, 1990-ல் மனிதருக்குப் பொருத்தினார்கள்.

இன்றைக்கும் விரலுக்கு உங்கள் கையிலிருந்தே ஒரு துண்டு சிரையை எடுத்துத்தான் ஒட்டுப்போடுகிறார்கள்.